திண்டிவனத்தில் ஏறிய தாலி

செய்தியைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவர்களைக் கல்யாண வீட்டில் யாரும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ள விரும்புவதில்லை. சாம்பார் நன்றாக இருக்கிறது என்றால்கூட "யார் சொன்னது?" என்று கேட்டுவிடுவோமோ என்ற பயம் அவர்களுக்கு. குடும்பக் குழுவில் "இது பழைய வீடியோ பெரியப்பா" என்று எழுதிவிட்டு, அடுத்த பொங்கல் வரை பெரியப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. இது உங்களுக்காக எழுதியது.

வில்லியனூரில் ஒரு செல்போன் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. செல்போனில் பார்க்கிற உள்ளூர்ச் செய்திப் பக்கம். தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு தொகுப்பு வரும். ஆசிரியர், உரிமையாளர், செய்தி வாசிப்பவர் எல்லாம் ரவி அண்ணன்தான். மக்கள் அனுப்புகிற தகவலில் எது உண்மை என்று போன் போட்டு விசாரிப்பது என் வேலை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அப்பா திருபுவனையில் ஒரு கம்பெனிக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார். "எம் பொண்ணு நியூஸ்ல இருக்குது" என்று பஸ்ஸில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். நான் ஒரு வரியைத் தப்பாகப் போட்டால் மறுநாள் அவர் அந்தப் பஸ்ஸில் எப்படி ஏறுவார் என்பதுதான் என் நிரந்தரக் கவலை. அதனால் ஒரே ஆளுக்கு மூன்று முறை போன் செய்வேன்.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இதில் வரும் விமான நிலையச் சம்பவத்தை நான் பார்க்கவில்லை. எனக்குச் சொன்னவர்களிலும் ஒருவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அந்த ஒருவருக்கு இதை முழுக்கப் படித்துக் காட்டினேன். பெயரை மாற்றியிருக்கிறேன், ஊரைச் சொல்லவில்லை. அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். அதையும் சேர்த்துவிட்டேன்.

காணாமல் போனவர் எடுத்த போன்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். "இந்தப் பெண்ணைக் காணவில்லை" என்று பள்ளிச் சீருடையில் ஒரு பெண்ணின் படம் வந்தது. மண்ணாடிப்பட்டுப் பக்கத்து ஊர். கீழே ஒரு செல் நம்பர். "ஒடனே போடு, புண்ணியமாப் போவும்" என்றார் ரவி அண்ணன். நான் அந்த நம்பருக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். காணாமல் போன பெண்ணைப் பற்றி விசாரிக்கிறேன் என்றேன். "நான்தான்க்கா அது" என்றாள், ரொம்பச் சாதாரணமாக.

இரண்டு வருடத்துக்கு முன்பு, மதிப்பெண் விஷயத்தில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு செல்லிப்பட்டில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். மறுநாள் காலை திரும்பிவிட்டாள். இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. படம் மட்டும் இன்னும் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஒரு தடவை டவுன் பஸ்ஸில் ஒரு பெரியவர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, கையைப் பிடித்து, இறங்கவே விடவில்லையாம். எனக்குப் பாவமாக இருந்தது. நீ பத்திரமாக இருக்கிறாய் என்று எங்கள் பக்கத்தில் போடட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அதுக்கும் எம் போட்டோவத்தான போடுவீங்க? வேணாம்க்கா."

கரும்புக்குள் சிறுத்தை

கரும்புக் கொல்லையில் சிறுத்தை புகுந்துவிட்டதாக ஒருவர் படம் அனுப்பினார். சிறுத்தை நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பின்னால் நின்ற மரம்தான் நம் ஊர் மரமாக இல்லை. மலைப் பிரதேசத்தில் வளரும் ஊசியிலை மரம். அதே படம் வேறு மாநிலத்திலிருந்து முன்பே வெளிவந்திருப்பதையும் தேடி எடுத்தேன். அவருக்குப் போன் செய்து பதமாகச் சொன்னேன். நல்ல செய்தியைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மிகவும் சோர்ந்த குரலில் கேட்டார்: "அப்போ நம்ம ஊருக்குன்னு ஒண்ணுமே வராதாம்மா?"

கண்ணால் பார்த்த குரல்

விமான நிலையச் செய்தி ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்குக் குரல் பதிவாக வந்தது. பேசியவர் பாகூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். அவருடைய அண்ணி வசந்தி, மூத்த மகளின் பிரசவத்துக்காக அன்று காலைதான் சிங்கப்பூருக்கு விமானம் ஏறியிருக்கிறார். "செக்கிங்ல எங்க அண்ணிய நிக்க வச்சி தாலியக் கழட்டச் சொல்லிட்டாங்க. கழட்டுனாத்தான் உள்ள வுடுவோம்னாங்க. கட்டுன புருஷன் வெளிய நிக்கறாரு, உள்ள தாலி எறங்குது. என் கண்ணால பாத்தேன். எல்லாருக்கும் அனுப்புங்க." அண்ணியின் முழுப் பெயர், அண்ணன் பெயர், ஊர், தெரு என்று எதுவும் விட்டுப்போகவில்லை.

ரவி அண்ணன் அதை இரண்டு முறை கேட்டார். ஆறு மணித் தொகுப்பில் இதுதான் முதல் செய்தி என்றார். அந்த அம்மாவின் படம் கிடைத்தால் வாங்கு என்றார். ஆறு மணி வரைக்கும் எனக்கு நேரம் கொடுங்கள், விசாரித்துவிடுகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்: "கண்ணால பாத்தேன்னு சொல்லிக்கினு இருக்காங்க, அதுக்கு மேல இன்னாம்மா வேணும் ஒனக்கு?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

எனக்கு இருந்த சங்கடத்தை மறைக்காமல் சொல்கிறேன். நான் விமான நிலையத்தையே பார்த்ததில்லை. செக்கிங் எங்கே நடக்கும், யார் செய்வார்கள் என்று ஒன்றும் தெரியாது. கீழே கடை வைத்திருக்கும் சலீம் பாய் சரக்கு வாங்க அடிக்கடி வெளிநாடு போய் வருபவர். இறங்கிப்போய் அவரிடம் கேட்டேன். அவர் கல்லாவில் உட்கார்ந்தபடியே எனக்கு ஒரு விமான நிலையத்தைக் கட்டிக் காட்டினார். வாசலில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் பார்ப்பார்கள். உள்ளே போய்ப் பெட்டியைப் போட வேண்டும். பிறகு பாஸ்போர்ட் பார்க்கிற இடம். செக்கிங் அதற்கும் அப்பால். ஆம்பளைகள் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பெண்களுக்குத் தனியாகத் திரை போட்ட மறைப்பு உண்டு, சோதிப்பதும் பெண்கள்தான். அவர் மனைவி வளையலோடும் தாலிச் சங்கிலியோடும் போனபோது மெஷின் கத்தியிருக்கிறதாம், கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே அனுப்பிவிட்டார்களாம்.

வழியனுப்பப் போனவர்கள் இதையெல்லாம் பார்க்க முடியுமா என்று கேட்டேன். சலீம் பாய் சிரித்தார். "வாசல் கண்ணாடிக்கு வெளிய நின்னு டாட்டா காட்டலாம். டிக்கெட் இல்லாதவங்க கண்ணுக்கு உள்ள தெரியறதெல்லாம் டிராலி மட்டும்தாம்மா."

வேனில் வளர்ந்தது

எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாடு போனால் வழியனுப்ப ஒரு வேன் போகும். வசந்தி அக்காவை அனுப்பப் பதினான்கு பேர் போயிருந்தார்கள். குரல் பதிவு அனுப்பிய நாத்தனாருக்குப் போன் செய்தேன். டிக்கெட் இல்லாமல் எப்படி உள்ளே போனீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். உள்ளே போகவில்லையாம். செக்கிங் முடிந்ததும் அண்ணி போன் செய்திருக்கிறார். "தனியா உள்ள கூப்டுட்டாங்க" என்று சொல்லும்போதே அழுதிருக்கிறார். எதற்கு என்று கேட்டதற்குச் சொல்லாமல் வைத்துவிட்டார். அப்படியானால் தாலி? "அழுதாங்கல்ல? புருஷன் இருக்கற பொம்பள வேற எதுக்கும்மா அப்படி அழுவா? நான் பாத்த மாதிரியேதான் இருந்துச்சி" என்றார்.

எனக்கு மூன்று பேரிடமாவது கேட்காமல் ஓடாது. வேன் டிரைவரின் நம்பரை வாங்கினேன். வேனில் கதைக்கு எதையும் சேர்க்காமல் காது மட்டும் கொடுத்து வந்தவர் அவர். ஊர் ஊராக ஞாபகம் வைத்திருந்தார்: "செங்கல்பட்டு வரைக்கும் அழுதாங்கன்னுதான் பேச்சு. மேல்மருவத்தூர்ல டீ குடிக்கசொல்ல ரூம்ல வச்சிப் பூட்டிட்டாங்கன்னு ஆயிடுச்சி. தாலி திண்டிவனத்துல ஏறுச்சிம்மா."

மோட்டார் கொட்டகை

செய்தி பொய் என்பது எனக்கு ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. நடந்தது என்ன என்பது மட்டும் தெரியவில்லை. வசந்தி அக்கா இன்னும் ஆகாயத்தில் இருந்தார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். வேனில் வந்த களைப்போடு அவர் கொல்லையில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் விசாரித்ததையெல்லாம் சொன்னேன்.

"தாலின்னே இருக்கட்டுமேம்மா, ஒனக்கு இன்னா?" என்றார். மனைவியின் பெயரோடு ஊரெல்லாம் சுற்றுகிற ஒரு பொய்யை, பொய் என்று தெரிந்தே ஒருவர் இருக்கட்டும் என்கிறார். "பொய்யாச்சே ஐயா" என்றேன். "பொய்தான். வண்டில வரும்போதே தெரியும். நான்தான் பேசாத வந்தேன்." அந்தச் செக்கிங்கில் இருந்த பெண்களை ஊரே திட்டுகிறதே என்று சொன்னேன். அவர் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். என் நம்பரைக் கேட்டு வாங்கினார். "எறங்குனதும் அவளையே பேசச் சொல்றேன். அவ சொல்றதக் கேளு. ஆனா ஊருக்குத் தெரியறதுக்கு, எங்களுக்கு இந்தப் பொய்யே தேவலாம்மா."

நாலு ஊக்கு

பாகூர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வெளிநாட்டு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"நீ பொம்பளப் பொண்ணுதான?"

"ஆமாங்கா."

"பக்கத்துல யாராச்சும் கீறாங்களா? ஸ்பீக்கர்ல போட்டுக்கினியா?"

"யாரும் இல்லக்கா. ரெக்கார்டும் பண்ணல."

பிறகுதான் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்பு அவருக்குக் கேன்சர் வந்து இடது மார்பை எடுத்துவிட்டார்கள். ஊரில் பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கும் இரண்டு மகள்களுக்கும் மட்டும் தெரியும். சின்ன மகளுக்கு இப்போது ஓர் இடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு வந்தது பெண்ணுக்கும் வருமோ என்று ஒரு பேச்சு கிளம்பினால் இடம் கைவிட்டுப் போகும் என்று பயம். எடுத்த இடத்துக்கு அவரே பழைய ரவிக்கைத் துணியில் ஒரு பஞ்சுத் திண்டு தைத்து, கனம் வருவதற்கு உள்ளே கேழ்வரகு போட்டு, நகராமல் இருக்க நாலு ஊக்கு குத்திக்கொள்கிறார்.

"கைல வச்சி சுத்துவாங்களே அந்த மிசினு, நெஞ்சாண்ட வந்ததும் கத்துச்சி. அந்தப் பொண்ணு தொட்டுப் பாத்துச்சி. உள்ள இன்னாவோ மணி மணியா இருக்குது. இன்னாதுன்னு கேக்குது. அதுக்குத் தமிழ் வரல, எனக்கு அது பேசறது புரியல. தனியா உள்ள இட்டுக்கினு போச்சி. வாயால சொல்லத் தெரியாத, நானே காட்டிட்டேன்."

அந்தப் பெண் காவலர் ஒரு கணம் பார்த்தாராம். உடனே அக்காவின் முந்தானையை எடுத்து அவரே மேலே போர்த்திவிட்டிருக்கிறார். திண்டைத் தன் கைக்குட்டையில் சுற்றி, யார் கண்ணிலும் படாமல் பெட்டி போகிற மெஷினில் அனுப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார். ஊக்குகளையும் அவரே குத்திவிட்டார்.

"சிங்கப்பூர் வந்து எறங்கியும் ஒரு ஊக்கு நகரல. நான் குத்திக்கறதே அப்படி நிக்காது. டாக்டரத் தவுர வெளி ஆளு யாரும் பாத்ததில்ல. அவ மூஞ்சி சுளிக்கல. அதான் அழுதுட்டேன், அத எப்படிப் போன்ல சொல்றது?"

நான் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். அக்கா பதிலுக்கு என்னைக் கேட்டார்: "அந்தப் பொண்ணு மேல பழி வரக் கூடாது. எங் கதையும் வெளிய வரக் கூடாது. ரெண்டும் முடியுமா?"

மூன்று வரி

வில்லியனூர் போய்ச் சேரும் வரை அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். உண்மையைப் பாதி சொன்னால் மீதியை ஜனங்கள் தோண்டுவார்கள். எதுவும் சொல்லாமல் விட்டால் பொய் ஜெயிக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதி எழுதி அடித்தேன். கடைசியில் நின்றது மூன்று வரி: "விமான நிலையச் சோதனையில் நம் பகுதிப் பெண்ணிடம் தாலியைக் கழற்றச் சொன்னதாகப் பரவும் தகவல் உண்மையல்ல, சம்பந்தப்பட்ட பயணியிடமே பேசி இதை உறுதி செய்தோம். தன்னைச் சோதித்த பெண் காவலர் மரியாதையாக நடந்துகொண்டதாக அவர் தெரிவித்தார். அவருடைய பெயரையும் மற்ற விவரங்களையும் நாங்கள் வெளியிடவில்லை, நீங்களும் பகிர வேண்டாம்."

"அப்ப எதுக்குத்தான் அழுதாங்க?" என்றார் ரவி அண்ணன். தெரியும், சொல்ல மாட்டேன் என்றேன். "நான் ஆசிரியரும்மா." ஆமாண்ணே, ஆனால் உங்களுக்கும் சொல்வதற்கு அவர்களிடம் நான் அனுமதி கேட்கவில்லை என்றேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலியை இரண்டு சுற்று சுற்றினார். முதல் செய்தியாக இருந்ததை எடுத்துவிட்டு, மின்தடை அறிவிப்புக்குப் பிறகு கடைசியாக அந்த மூன்று வரியை வாசித்தார். விளக்கை அணைக்கும்போது சொன்னார்: "நடக்கலன்னு ஒரு நியூஸு, யாருக்கு நடக்கலன்னும் சொல்ல மாட்ட. இத வச்சிக்கினு ஜனங்க இன்னாம்மா பண்ணும்?"

தட்டு மாற்றல்

வேறு சில பக்கங்கள் அந்தக் குரல் பதிவைப் பெயரோடு அப்படியே போட்டன. எங்கள் மூன்று வரியின் கீழே ஒருவர், "மறைக்கிறீங்கன்னா ஏதோ இருக்குது" என்று எழுதியிருந்தார். ஏதோ இருக்கிறது என்பது உண்மைதான் என்பதால் பதில் எழுதுவதும் அழிப்பதுமாக ஒரு வாரம் போனது. அடுத்த மாதம் வசந்தி அக்காவின் வீட்டுக்காரர் போன் செய்தார். சின்ன மகளுக்கு நிச்சயத் தட்டு மாற்றுவதைப் பையன் வீட்டில் காரணம் சொல்லாமல் தள்ளிப் போட்டுவிட்டார்களாம். "நீ யாராண்டயாவது வாய வுட்டியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சொன்ன பிறகும், தூக்கத்தில் உளறியிருப்பேனோ என்று அம்மாவைக் கேட்டேன்.

மூன்றாம் மாதம் அக்கா ஊர் திரும்பினார். கேன்சர் விஷயம் எப்படியோ தெரிந்துபோய்விட்டது, இனி மறைத்து என்ன என்று நினைத்து, யாரையும் துணைக்கு அழைக்காமல் பையன் வீட்டுக்குப் போனார். பையனின் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு ஆபரேஷன் முதல் ஊக்கு வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த அம்மா கடைசி வரை கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டுச் சொன்னாராம்: "ஆபரேஷனா? அதான் நல்லபடியா ஆயிடுச்சில்ல. புருஷன் இருக்கசொல்ல தாலி எறங்கன வூட்ல பொண்ணு எடுக்கறதான்னுதான் நாங்க பயந்துக்கினு கெடந்தோம்."

கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. பந்தியில் பையனின் அம்மா என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். வழக்கம்போல என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தத் தாலி விஷயம் உண்மையில்லை என்று அன்றைக்கு மாலையே எங்கள் பக்கத்தில் போட்டிருந்தோமே, நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்டேன். அவர் அப்பளத்தை ஒடித்தபடியே சொன்னார்: "அத யாரும் எனக்கு அனுப்பலியேம்மா."

ஆக, ஒரு குடும்பம் பாதுகாப்பு என்று நம்பி வைத்துக்கொண்ட பொய்தான் அந்தக் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றது என்பதையும், நான் கஷ்டப்பட்டு எழுதிய மூன்று வரி உண்மை அதைப் படித்திருக்க வேண்டிய ஒரே ஆளிடம் போகவே இல்லை என்பதையும், பாயசம் வருவதற்குள் நேரில் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.